துப்பாக்கிக் கடைக்காரர் மீது பினாமி விற்பனை வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர், பினாமி ஆட்கள் வழியாகக் கடத்தல் கும்பலுக்கு ஆயுதம் விற்றார் என்று கைதாவார். பரபரப்பாகச் செய்தி வரும். அப்புறம் ஒருநாள் வழக்கு தள்ளுபடி என்று ஏதோ ஒரு மூலையில் நான்கு வரி வரும். அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரில் இருந்த எக்ஸ்-காலிபர் கன்ஸ் கடை விஷயத்தில் நடந்தது அதுதான். இந்த மாதிரி வழக்கைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் கீழே.

பினாமி வாங்குதல் என்றால் இங்கே என்ன அர்த்தம்?

தனக்காக வாங்குவதாகச் சொல்லி, உண்மையில் வேறொருவருக்காகத் துப்பாக்கி வாங்குவது. அங்கே இதை 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்' என்பார்கள். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர், போதைப் பழக்கம் உள்ளவர், குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவர், சட்டவிரோதமாக நாட்டில் தங்கியிருப்பவர் எனத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர்களின் பட்டியல் ஒன்று கூட்டரசுச் (மத்திய அரசின்) சட்டத்தில் இருக்கிறது. 21 வயது ஆகாதவருக்குக் கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்பது தனி விதி. இப்படித் தடைபட்டவர்கள், எந்த வழக்கும் இல்லாத ஓர் ஆளைப் பிடித்து, கையில் கொஞ்சம் பணம் திணித்துக் கடைக்கு அனுப்புவார்கள். தோழி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், பணமுடையில் இருக்கும் யாரோ ஒரு பையன். பெரும்பாலும் இவர்கள்தான் பினாமிகள்.

கடையில் சரிபார்ப்பு இருக்கிறதே, அதில் மாட்ட மாட்டார்களா?

மாட்ட மாட்டார்கள். வாங்க வருபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில், 'இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று ஒரு கேள்வி இருக்கும். பிறகு கடைக்காரர் அந்த விவரங்களை எஃப்.பி.ஐ. நடத்தும் சோதனை முறைக்கு அனுப்புவார். 1998 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சோதனை, கவுண்டருக்கு முன்னால் நிற்கும் ஆளின் பெயரைத்தான் தேடும். அவர் மீது எதுவும் இருக்காது. அதனால்தானே அவரை அனுப்பியிருக்கிறார்கள்! மறைவில் நிற்பவர் யார் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் விற்பனையாளர்தான்.

இந்தியாவில் இப்படிக் கேள்விப்படுவதில்லையே?

அமைப்பே வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இங்கே வாங்குபவருக்கே உரிமம் வேண்டும். ஆட்சியரோ காவல் ஆணையரோ கொடுக்கும் அந்த உரிமத்தில் துப்பாக்கியின் விவரம் ஏறிவிடும். தேர்தல் வந்தால் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். யாரிடம் எது இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். இங்கே சிக்கல் நாட்டுத் துப்பாக்கி; அது வேறு கதை.

அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் விற்பவரிடம்தான் உரிமம் கேட்கிறது. இல்லினாய் போன்ற சில மாநிலங்கள் வாங்குபவருக்கும் அட்டை கேட்கும். பல மாநிலங்கள் கேட்காது. யாரிடம் என்ன துப்பாக்கி என்று நாடு முழுக்க ஒரு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஆகக் கடைக்காரரின் அலமாரியில் இருக்கும் காகிதத்தை நம்பித்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது.

அப்பா பிறந்தநாளுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தாலும் குற்றமா?

இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கி, வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம். பணம் அப்பாவுடையது என்றால் அது பரிசு இல்லை.

பொய் சொன்னவர் வாடிக்கையாளர். கடைக்காரர் எப்படிக் குற்றவாளி ஆவார்?

எல்லா வழக்கும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். படிவத்தில் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் வாங்கியவர். கடைக்காரரைப் பிடிக்க வேண்டுமென்றால், அது பொய் என்று தெரிந்தே விற்றார் என்று காட்ட வேண்டும். 'சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?' என்ற கேள்வி குற்றவியல் வழக்கில் போதாது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் தெரிந்ததாகவே கருதப்படும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் மூடியிருந்தது கண்ணா, அல்லது ஆள் உண்மையிலேயே கவனிக்கவில்லையா என்பதை ஜூரியிடம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது லேசான காரியமில்லை.

படிவத்தைச் சரியாக நிரப்ப வைத்து, சோதனையும் நடத்தி, காகிதங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரருக்கு அந்தக் காகிதமே கவசம். 'கேட்டேன், ஆமாம் என்றார், எஃப்.பி.ஐ.யும் சரி என்றது, விற்றேன்.' இதை உடைக்க ஒலிப்பதிவு வேண்டும், அல்லது கடைக்குள் இருந்த ஒருவரின் சாட்சியம் வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. படிவத்தில் பொய் சொல்லும் வாடிக்கையாளருக்குப் பிரிவைப் பொறுத்து ஐந்து முதல் பத்து ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். தன் பதிவேட்டில் தெரிந்தே பொய்யாக எழுதும் உரிமதாரருக்கோ, 1986-இல் வந்த திருத்தத்தின்படி, அதிகபட்சம் ஓராண்டு. கற்றுத் தேர்ந்த வியாபாரிக்கு ஒன்று, கைக்காசுக்கு வந்த பையனுக்குப் பத்து. அதனால்தான் அரசு வழக்கறிஞர்கள் கடைக்காரர் மீது வெறும் பதிவேட்டுக் குற்றத்தை மட்டும் சாட்டாமல், சதி, உடந்தை, தடைபட்டவருக்குத் தெரிந்தே விற்றது என்று பெரிய பிரிவுகளைத் தேடிப் போகிறார்கள். பெரிய பிரிவு என்றால் நிரூபிக்க வேண்டியதும் அதிகம்.

விற்பனையாளருக்குச் சந்தேகம் வர என்னதான் அடையாளம்?

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள்தான். இருவர் வருவார்கள், ஒருவர் துப்பாக்கியை எடுத்துப் பார்த்து, விலை பேசி, தேர்ந்தெடுப்பார், மற்றவர் வந்து படிவத்தில் கையெழுத்துப் போடுவார். வாங்குபவருக்குத் தான் வாங்குவது என்ன ரகம் என்றே தெரியாது. வெளியே போய் போன் பேசிவிட்டு வருவார். ஒரே மாதிரித் துப்பாக்கி ஐந்து, பத்து கேட்பார், அதுவும் ரொக்கமாக. துப்பாக்கித் தொழில் சங்கமும், இந்தத் துறையைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். முகமையும் சேர்ந்து 2000-இலிருந்தே 'அடுத்தவனுக்காகப் பொய் சொல்லாதே' என்று கடைகளில் பிரசாரம் செய்துவருகின்றன. சந்தேகம் வந்தால் விற்க மறுக்கக் கடைக்காரருக்கு முழு உரிமை உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கியை ஒட்டி இருந்த பேட்ஜர் கன்ஸ் கடையில் 2009-இல் நடந்ததைப் பாருங்கள். 18 வயதுப் பையன் ஒருவன் 21 வயது ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். எந்தத் துப்பாக்கி என்று காட்டியது சின்னவன். வாங்கியது பெரியவன், அவனுக்குக் கிடைத்த கூலி 40 டாலர். 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்ற கேள்விக்கு அவன் முதலில் 'இல்லை' என்றே குறித்துவிட்டான். படிவம் அப்படியே போயிருந்தால் விற்பனை நடந்திருக்காது. விற்பனையாளர் அதைத் திருத்த விட்டார். சில வாரங்களில் அந்தத் துப்பாக்கியால் இரண்டு காவலர்கள் சுடப்பட்டார்கள். இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். சுட்டவனுக்கு 80 ஆண்டுச் சிறை.

எக்ஸ்-காலிபர் வழக்கில் என்ன நடந்தது?

2008 மே மாதம் அந்தக் கடை உரிமையாளர் கைதானார். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை, பெரும்பாலும் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளை, மெக்சிகோவின் சினலோவா கும்பலுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தே பினாமிகளுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. ரகசியப் போலீசார் பினாமி வேடத்தில் போய் அவரிடம் வாங்கியிருந்தார்கள். துப்பாக்கிக் கடத்தலுக்கு எதிரான பெரிய வழக்கு என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் அதை முன்னிறுத்தியது.

2009 மார்ச்சில் விசாரணை பாதியில் இருக்கும்போதே, ஜூரியின் கைக்குப் போகும் முன்பு, நீதிபதி ராபர்ட் காட்ஸ்ஃபீல்டு குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்துவிட்டார். அவர் சொன்ன காரணம் சுருக்கமாக இதுதான்: படிவத்தில் பொய் இருக்கலாம், ஆனால் அந்தத் துப்பாக்கிகள் கடைசியில் வைத்திருக்கத் தகுதியில்லாத ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, ஆகவே அந்தப் பொய் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமானது இல்லை.

படித்ததும் கோபம் வரலாம். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், அரசுத் தரப்பு தானே போய் மாட்டிக்கொண்டது தெரியும். பினாமி வாங்குதல் என்ற பெயரில் தனிக் குற்றப் பிரிவு அப்போது கூட்டரசுச் சட்டத்திலேயே கிடையாது. இந்த வழக்கோ மாநிலச் சட்டத்தில், மோசடி போன்ற பிரிவுகளில் போடப்பட்டது. எல்லை தாண்டிப் போன துப்பாக்கி யார் கையில் போய் முடிந்தது, அந்த ஆளின் பின்னணி என்ன என்று அரிசோனா நீதிமன்றத்தில் நிரூபிப்பது எவ்வளவு கடினம்! சட்டத்தில் இருந்த ஓட்டை அவ்வளவு பெரியது. சட்டத்தின் கண்ணில் அந்த உரிமையாளர் குற்றமற்றவர். அதனால்தான் இங்கே அவர் பெயரைச் சொல்லவில்லை.

கடைசியில் வாங்கியவரும் தகுதியானவர் என்றால் குற்றமே இல்லையா?

கூட்டரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை இதற்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: அப்போதும் குற்றம்தான்.

அந்த வழக்கின் பெயர் அப்ராம்ஸ்கி. வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் காவலர் அவர். காவலர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் கிளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்றைப் பென்சில்வேனியாவில் இருக்கும் மாமாவுக்காக வாங்கினார். மாமா முன்கூட்டியே 400 டாலர் காசோலை அனுப்பியிருந்தார். எதற்கென்று அதிலேயே 'கிளாக் 19' என்று எழுதியும் வைத்திருந்தார். மாமா மீது எந்தக் குறையும் இல்லை. அவர் ஊர்க் கடை வழியாகச் சோதனை நடத்தித்தான் துப்பாக்கியும் அவர் கைக்குப் போனது. வேறொரு வங்கிக் கொள்ளை தொடர்பாக அப்ராம்ஸ்கி வீட்டைச் சோதித்தபோது ரசீது சிக்கியது. கொள்ளை வழக்கு நிற்கவில்லை, ரசீது நின்றுவிட்டது. 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி எலீனா கேகன், யார் வாங்குகிறார் என்பதையே மறைக்க முடியுமென்றால் சோதனை எதற்கு என்ற வழியில் போனார். நீதிபதி ஸ்கலியா கடுமையாக மறுத்தார்.

2009-இல் அரிசோனாவில் கடைக்காரரைக் காப்பாற்றிய வாதம் ஏறக்குறைய இதேதான். கூட்டரசு நீதிமன்றத்தில் இனி அது செல்லாது. பாவம், மாட்டியது மாமாவுக்கு உதவப் போனவர்.

இப்போதாவது தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் யுவால்டி பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2022 ஜூன் 25 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தில் பினாமி வாங்குதலும் துப்பாக்கிக் கடத்தலும் முதல்முறையாகத் தனிக் குற்றங்கள் ஆயின. பினாமி வாங்குதலுக்கு 15 ஆண்டுவரை சிறை. பயங்கரவாதத்துக்கோ போதைக் கடத்தலுக்கோ பயன்படும் என்று தெரிந்திருந்தால் 25 ஆண்டுவரை.

அரசு அதிகாரிகளே விற்கச் சொன்னார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதனால்தான் கடைக்காரர் மீது குற்றச்சாட்டு என்று கேட்டதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் என்று பெயரிடப்பட்ட நடவடிக்கையில், 2009 இறுதியிலிருந்து பீனிக்ஸ் வட்டாரத்தில் ஏ.டி.எஃப். அதிகாரிகள், பினாமிகள் என்று தெரிந்த ஆட்கள் வாங்கிச் செல்வதைத் தடுக்காமல் விட்டார்கள். சின்ன மீனை விட்டுப் பெரிய மீனைப் பிடிக்கும் திட்டம். சந்தேகப்பட்டுத் தகவல் சொன்ன கடைக்காரர்களிடம், தொடர்ந்து விற்றுத் தகவல் கொடுங்கள் என்ற பாணியில் நடந்துகொண்டார்கள். சுமார் 2,000 துப்பாக்கிகள் இப்படிப் போயின. பல எல்லை தாண்டின. 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த இரண்டு துப்பாக்கிகள் இந்தக் கணக்கில் விற்கப்பட்டவை.

ஏ.டி.எஃப். அதிகாரி ஜான் டாட்சன் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். ஆவணங்களைத் தர மறுத்ததற்காக 2012 ஜூனில் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் மீது பிரதிநிதிகள் சபை அவமதிப்புத் தீர்மானம் போட்டது. இதில் என் கருத்தைச் சொன்னால், எக்ஸ்-காலிபர் மாதிரியான தோல்விகள்தான் 'இன்னும் பெரிய வழக்காகக் கட்டுவோம்' என்ற ஆசைக்கு எண்ணெய் ஊற்றியிருக்கும். அதற்காக நடந்ததை நியாயப்படுத்த முடியாது.

குறிப்பிட்ட கடையில் விற்றது என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணை, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறிதல் மையத்துக்கு அனுப்புவார்கள். மையம் தயாரிப்பாளரைக் கேட்கும், அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் கடையைக் காட்டுவார். கடைக்காரர் படிவத்தைத் தேடி எடுத்துப் பெயரைச் சொல்வார். மூடப்பட்ட கடைகளின் காகிதங்கள் அந்த மையத்துக்கே வந்து குவியும். பெயரைப் போட்டுத் தேடும் வசதி அதில் இருக்கக் கூடாது என்பதும் சட்டம்.

விற்ற நாளுக்கும் குற்றத்தில் சிக்கிய நாளுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் அதிகாரிகள் காது விறைக்கும். ஒரே கடையின் பெயர் அடிக்கடி வந்தாலும் அப்படித்தான். ஆனால் அது தடயமே தவிரச் சாட்சியம் இல்லை. அதிகம் விற்கும் கடையின் பெயர் அதிகம் வருவது இயல்பு. இந்தத் தடமறிதல் விவரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிட 2003 முதல் கட்டுப்பாடும் இருக்கிறது.

இன்னொரு வழி, கடையே அனுப்ப வேண்டிய அறிக்கை. ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டோ அதற்கு மேலோ கைத்துப்பாக்கி விற்றால் தெரிவிக்க வேண்டும். மெக்சிகோ எல்லையில் இருக்கும் அரிசோனா, கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் 2011 முதல் சில வகை நீளத் துப்பாக்கிகளுக்கும் (ரைஃபிள்களுக்கும்) இதே விதி. எக்ஸ்-காலிபர் காலத்தில் ஏ.கே. ரகங்களுக்கு இந்த விதி இல்லை. கைத்துப்பாக்கி இரண்டு வாங்கினால் தெரிவிக்க வேண்டும், நீளத் துப்பாக்கி இருபது வாங்கினாலும் வேண்டாம்.

வழக்கு நடக்கும்போது கடை மூடப்படுமா?

தானாக மூடப்படாது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகும், தண்டனை இறுதியாகும்வரை, இருக்கும் உரிமத்தில் தொழில் நடத்தச் சட்டம் அனுமதிக்கிறது. உரிமத்தை ரத்து செய்வது ஏ.டி.எஃப். எடுக்கும் தனி நடவடிக்கை. அதில்கூட ஒரு பொறி உண்டு: வழக்கில் கடைக்காரர் விடுதலையானால், அதே சம்பவங்களைக் காரணமாகச் சொல்லி உரிமத்தை ரத்து செய்யவே முடியாது. அவசரப்பட்டு பலவீனமான வழக்கைப் போட்டுத் தோற்றால் இரண்டு ஆயுதமும் போய்விடும்.

விதி மீறும் கடைகள்மீது கண்டிப்பு காட்டும் கொள்கையை 2021-இல் பைடன் அரசு கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதைக் கைவிட்டது. ஆட்சி மாறினால் கையும் இறுகும், தளரும்.

பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்கலாமா?

பொதுவாக முடியாது. குற்றவாளி சுட்டதற்காகத் தயாரிப்பாளர் மீதோ விற்றவர் மீதோ வழக்குப் போடுவதை 2005-இல் வந்த சட்டம் தடுக்கிறது. விற்பனைச் சட்டத்தைத் தெரிந்தே மீறியிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பேட்ஜர் கன்ஸ் வழக்கில் காயமடைந்த காவலர்கள் இப்படி விதிவிலக்கின் வழியில் போய் ஜெயித்தார்கள். 2015-இல் ஜூரி ஏறக்குறைய 60 லட்சம் டாலர் தரச் சொன்னது. பிறகு அதைவிடக் குறைந்த தொகைக்குச் சமரசமானது. சிவில் வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு என்பதால் அங்கே கடைக்காரரின் காகிதக் கவசம் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

மெக்சிகோ அரசும் முயன்றது. அந்த நாட்டில் சட்டப்படி துப்பாக்கி விற்பது ராணுவம் நடத்தும் ஓரிரு கடைகள் மட்டுமே; கும்பல்களிடம் சிக்குபவற்றில் பெரும்பகுதி வடக்கிலிருந்து வருபவை. தயாரிப்பாளர்கள் மீது மெக்சிகோ போட்ட வழக்கை 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. எந்தெந்தக் கடை, எந்தெந்த விற்பனை என்று குறிப்பாகச் சுட்டவில்லை என்பது முக்கியக் குறை. அரிசோனாவின் ஐந்து கடைகள்மீது 2022-இல் மெக்சிகோ தொடுத்த தனி வழக்கு அப்படிக் கடைகளைச் சுட்டியே போடப்பட்டது. அதை மேலே நடத்த 2024-இல் டூசான் நீதிமன்றம் அனுமதித்தது.

ஹன்டர் பைடன் வழக்கும் இதுதானா?

அதே படிவம், வேறு பொய். அதிபராக இருந்த ஜோ பைடனின் மகனான அவர் தனக்காகத்தான் வாங்கினார். போதைப் பழக்கம் இல்லை என்று எழுதியதுதான் சிக்கல். 2024 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது; டிசம்பரில் தந்தை மன்னிப்பு வழங்கினார்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். சிட்டிசன் நண்பர் ஒருவர் என் பணத்தில் வாங்கித் தரலாமா?

வேண்டவே வேண்டாம். நண்பர் செய்வது பினாமி வாங்குதல். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை என்பதால் நீங்கள் தனியாக மாட்டுவீர்கள், விசாவும் போகும். துப்பாக்கி சுடும் இடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும் என்பது ஏ.டி.எஃப். நிலைப்பாடு. வார இறுதியில் ஜாலியாகப் போகும் பலருக்கு இது தெரிவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை பொருந்தினால் உங்கள் பெயரிலேயே வாங்கலாம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்த விசாத் தடை கிடையாது. எதுவானாலும் மாநிலச் சட்டத்தையும் பார்த்து, குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.